விழுந்த மரம் யாருடையது? – மீட்கப்பட்ட மரமும் கைவினைப் பரிசும் பற்றிய சில விமர்சனக் குறிப்புகள்

1

ஜேர்மன் நகரங்களின் நத்தார்ச் சந்தைகளில் கடைசல் வேலைக்காரர்களின் மேசைகளைக் கவனித்தவர்களுக்கு ஒரு விடயம் பழகிப்போயிருக்கும். கிண்ணம், மெழுகுதிரித் தாங்கி, மிளகுக் குடுவை, பம்பரம், பேனா என்று எதை எடுத்தாலும் அதனோடு ஒரு சிறிய அட்டை கட்டியிருக்கும். இந்த மரம் விற்பனைக்காக வெட்டப்பட்டதல்ல, புயலில் சாய்ந்தது என்று அந்த அட்டை சொல்லும். அல்லது வண்டு அரித்ததால் அகற்றப்பட்டது என்று சொல்லும். அல்லது பழைய களஞ்சியம் ஒன்றை இடித்தபோது கிடைத்த உத்தரம் என்று சொல்லும். சிலவேளைகளில் மரம் நின்ற இடமும் அது விழுந்த ஆண்டும்கூட எழுதப்பட்டிருக்கும். பரிசாகக் கொடுப்பவர் கிண்ணத்தோடு சேர்த்து அந்த அட்டையையும் கொடுக்கிறார். அட்டையைக் கழற்றிவிட்டுக் கொடுப்பவரை நான் இதுவரை கண்டதில்லை.

அகதிகளின் சஞ்சிகையில் மரக்கிண்ணத்துக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் இருப்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த அட்டைகளில் வரும் சொற்களைச் சற்று நிதானமாகப் படித்துப் பாருங்கள். வேரோடு சாய்ந்தது, அழிவிலிருந்து மீட்கப்பட்டது, இரண்டாவது வாழ்வு பெற்றது. நாற்பது வருடங்களாக இந்நாட்டின் பத்திரிகைகளும் தேவாலயக் கூட்டங்களும் எம்மைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்திய சொற்களும் இவைதான். மரத்துக்கும் அகதிக்கும் ஒரே மொழி கிடைத்திருக்கிறது. இது தற்செயலானதென்று நான் நினைக்கவில்லை. மீட்பவர், மீட்கப்படுவது, மீட்பின் கதையை வாங்குபவர் என்ற மூன்று இடங்களைக் கொண்ட ஒரு உறவு இரண்டிலும் உண்டு. அந்த உறவை ஒரு பொருளில் வைத்துப் பரிசோதிப்பது மனிதர்களில் வைத்துப் பரிசோதிப்பதைவிட எளிது. இக்கட்டுரையின் நோக்கம் அவ்வளவுதான்.

2

விழுந்த மரம் பற்றிய விவாதம் ஜேர்மனியில் புதிதல்ல. 1842ஆம் ஆண்டின் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் கொலோன் நகரிலிருந்து வெளிவந்த ரைன் பத்திரிகையில் இருபத்துநான்கு வயது நிரம்பிய கார்ல் மார்க்ஸ் தொடர்கட்டுரை ஒன்றை எழுதினார். ரைன் மாகாணச் சபை விறகுத் திருட்டுக்கு எதிரான சட்டம் ஒன்றை விவாதித்திருந்தது. காட்டில் தானாக விழுந்து கிடக்கும் காய்ந்த சுள்ளிகளையும் கிளைகளையும் பொறுக்குவதையும், நின்ற மரத்தை வெட்டித் திருடுவதையும் ஒரே குற்றமாக்குவதுதான் அச்சட்டத்தின் சாரம். தலைமுறை தலைமுறையாக விறகு பொறுக்கி வாழ்ந்த ஏழைகள் ஒரே நாளில் கள்வர்கள் ஆனார்கள்.

மார்க்சின் வாதம் எளிமையானது. நின்ற மரத்தை வெட்டுபவன் சொத்தைச் சொத்துக்காரனிடமிருந்து பிரிக்கிறான். விழுந்த சுள்ளியையோ இயற்கையே ஏற்கனவே மரத்திலிருந்து பிரித்துவிட்டது. பொறுக்குபவன் அந்தப் பிரிவை ஏற்றுக்கொள்கிறான், அவ்வளவுதான். எனவே விழுந்த மரத்தின் மேல் ஏழைகளுக்கு வழக்காற்று உரிமை உண்டு என்றார் அவர். தன்னைப் பொருளாதாரக் கேள்விகளின் பக்கம் முதலில் தள்ளிய விடயங்களில் இந்த விவாதமும் ஒன்று என்று 1859இல் அவரே எழுதினார். நாம் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வாசிப்பு வட்டங்களில் வரிவரியாகப் படித்த அந்தப் பெரிய நூலில் மரமேசை ஒன்று பண்டமாக மாறியவுடன் விசித்திரமான உயிர் பெறும் இடத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு முன்னால் ஒரு கட்டு விறகு இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

இதே காலத்தில், 1840இல், இலங்கையில் ஆங்கிலேயர் கொண்டுவந்த முடிக்குரிய காணிச் சட்டம் உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காடுகளையும் தரிசுகளையும் அரசுக்குரியதாக்கியது. காடு ஒருவருடைய சொத்தாகும்போது காட்டில் விழுந்ததும் அவருடைய சொத்தாகிறது. இன்றுகூட ஜேர்மனியில் காட்டில் விறகு சேகரிக்க அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். ஆகவே மீட்கப்பட்ட மரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் ஆளில்லாத காட்டில் அநாதையாகக் கிடந்த ஒரு குற்றியைக் கற்பனை செய்யக் கூடாது. அது யாரோ ஒருவரின் கணக்கில் இருந்தது. யாரோ அதற்கு விலை வைத்தார்கள். அட்டையில் அது இல்லை.

3

அட்டையில் இல்லாத இன்னொன்று, மரம் ஏன் விழுந்தது என்பது.

1990 பெப்ரவரி இறுதியில் அடித்த விவியன், வீப்க என்ற இரண்டு புயல்களும் ஜேர்மனியில் சுமார் 7 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தன. 1999 டிசம்பர் 26இல் லோதர் புயல் கறுப்புக் காட்டின் சரிவுகளை மொட்டையாக்கியது. 2018 முதல் 2020 வரை தொடர்ந்த வறட்சியும் அதன்பின் பெருகிய பட்டை வண்டும் இவையெல்லாவற்றையும் மிஞ்சின. 2020இல் நாடு முழுவதும் வெட்டப்பட்ட சுமார் 8 கோடி கன மீட்டர் மரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு சேதமுற்ற மரமாகவே இருந்தது. 2018க்கும் 2021க்கும் இடையில் மரங்களை இழந்த பரப்பு சுமார் 5 இலட்சம் ஹெக்டேர் என்று செய்மதிப் படங்களைக் கொண்டு கணித்தார்கள்.

இவற்றில் பெரும்பகுதி ஸ்புறூஸ் எனப்படும் ஊசியிலை மரம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெற்றி பெற்ற நாடுகள் நட்டஈடாக ஜேர்மன் காடுகளைப் பெருமளவில் வெட்டிச் சென்றன. மொட்டையான நிலத்தில் விரைவாக வளர்ந்து பணம் தரும் ஒரே மர இனம் வரிசை வரிசையாக நடப்பட்டது. நட்டவர்களில் பெரும்பாலானோர் கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்கள். யூரோ வரும்வரை எங்கள் எல்லோருடைய சட்டைப் பைகளிலும் கிடந்த 50 பெனிக் நாணயத்தின் பின்புறத்தில் முழந்தாளிட்டு மரம் நடும் பெண் ஒருத்தி இருப்பாள், நினைவிருக்கிறதா? அவளுடைய கையில் இருப்பது ஓக் கன்று. காட்டிலோ பெண்கள் பெரும்பாலும் நட்டது ஸ்புறூஸ். தாழ்ந்த, சூடான இடங்களில் ஆழமற்ற வேரோடு நின்ற அம்மரங்கள் காற்றுக்கும் வறட்சிக்கும் வண்டுக்கும் தாக்குப்பிடிக்கவில்லை. எனவே புயல் சாய்த்தது என்பது பாதி உண்மை. சாயக்கூடியதை அங்கே வைத்த முடிவுகள் மற்றப் பாதி.

இனிக் கடைசல்காரரின் பக்கம் வருவோம். அவருடைய வேலையைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதை எழுதவில்லை. விழுந்த குற்றியிலிருந்து ஒரு கிண்ணம் கடைவது வெட்டி உலர்த்திய பலகையில் வேலை செய்வதைவிடக் கடினமானது. குற்றி ஈரமாயிருக்கும்போதே அதன் நெஞ்சுப்பகுதியை விலக்கி இரண்டாகப் பிளந்து, முனைகளில் மெழுகு பூசி வெடிப்பைத் தடுத்து, விட்டத்தில் பத்திலொரு பங்கு தடிப்புள்ள முரட்டுக் கிண்ணமாக முதலில் கடைந்து வைக்கிறார்கள். மாதக்கணக்கில் அது உலர்ந்து கோணுகிறது. பிறகு மீண்டும் இயந்திரத்தில் ஏற்றி வட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இடையில் வெடித்துப்போவதை அடுப்பில் போட வேண்டியதுதான். பீச், மேப்பிள், பேர்ச் மரங்கள் தரையில் கிடக்கும்போது பூஞ்சணங்கள் உள்ளே நுழைகின்றன. ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் பூஞ்சணக் கூட்டங்களின் எல்லைகள் மைக்கோடு போட்டதுபோல் கரும் வரிகளாகப் படிகின்றன. சில வாரங்கள் பிந்தினால் மரம் உக்கிவிடும், முந்தினால் வரி விழாது. வண்டு கொண்டுவரும் பூஞ்சணம் ஸ்புறூஸின் வெண்மையில் நீலச் சாயம் ஏற்றுகிறது. மரத்தின் வலிமையை அது குறைப்பதில்லை. மரவாடியில் விலையைக் குறைக்கும் இந்த நீலம் பரிசுக்கடையில் அழகு என்று பெயர் பெறுகிறது.

ஆனால் எல்லாக் கறைகளுக்கும் இந்த மதிப்புக் கிடைப்பதில்லை. பெல்ஜிய எல்லையோரமுள்ள ஹூர்ட்கன் காட்டில் 1944 செப்டெம்பர் முதல் 1945 பெப்ரவரி வரை நடந்த சண்டையில் மரங்களின் உச்சியில் வெடித்த குண்டுகளின் இரும்புத் துண்டுகள் தண்டுகளுக்குள் புகுந்தன. பிழைத்த மரங்கள் அவற்றை மூடி வளர்ந்தன. போர் நடந்த வேறு காடுகளிலும் இப்படித்தான். வாள்ப்பட்டறைகள் உலோகம் கண்டுபிடிக்கும் கருவிகளால் குற்றிகளைச் சோதிக்கின்றன. இரும்புத் துண்டு இருந்தால் வாளின் பல் போய்விடும், கடைசல்காரரின் உளியும் போய்விடும். ஓக் மரமென்றால் இரும்பைச் சுற்றிக் கருநீலக் கறையும் படிந்திருக்கும். இந்த மரத்துக்கு வியாபாரத்தில் தனிப் பெயர் உண்டு, குறைந்த விலையும் உண்டு. பூஞ்சணத்தின் வரியை முன்னால் திருப்பி வைத்துக் காட்டும் மேசைகளில் குண்டுத் துண்டின் கறையை அப்படிக் காட்டுவதை நான் கண்டதில்லை. இரண்டும் மரத்தின் வரலாறுதான். எது பரிசாகலாம், எது ஆகாது என்பதைத் தீர்மானிப்பது மரமல்ல. வாங்குபவரின் மனநிம்மதி என்று சொன்னால் அது மிகையாகாது.

4

இழப்பிலிருந்து பிறந்த மரவேலை என்றால் ஜேர்மனியில் முதலில் சொல்லப்படுவது சக்சன் மாநிலத்தின் ஏர்ட்ஸ்கெபிர்க மலைப்பகுதி. அதன் மையம் சைபன் என்ற சிறிய ஊர். அங்கே தகரத் தாதுச் சுரங்கங்கள் இருந்தன. தாது குறையக் குறையச் சுரங்கத் தொழிலாளர் மரத்துக்கு மாறினார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சுரங்கம் முற்றாக நின்றுபோனது. தாதுவை இடித்த ஆலைகளை ஓட்டிய நீர்ச்சக்கரங்களே பின்னர் கடைசல் இயந்திரங்களைச் சுழற்றின. ஒரு தொழில் இறந்த இடத்தில் அதன் கருவியைக் கொண்டே இன்னொரு தொழிலை எழுப்பினார்கள் என்பது சாதாரண விடயமல்ல.

1800ஐ அண்டி அங்கே உருவான வளையக் கடைசல் உலகக் கைத்தொழில் வரலாற்றில் மிக நுட்பமான ஒன்று. ஈரமான, கணுவில்லாத ஸ்புறூஸ் குற்றியிலிருந்து குறுக்கே வெட்டிய தடித்த வட்டை இயந்திரத்தில் பூட்டி ஒரு வளையமாகக் கடைகிறார்கள். முதுகு, வயிறு, கால் எல்லாம் அந்த வளையத்தின் குறுக்குவெட்டில் மறைந்திருக்கின்றன. கடைபவருக்கு உருவம் தெரியாது. கையின் கணக்கில்தான் உளி போகிறது. முடிந்தபின் வளையத்தைக் கத்தியால் பாண் துண்டுபோலப் பிளந்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு குதிரை, ஒரு பசு, ஒரு யானை. பிறகு பெண்களும் பிள்ளைகளும் விளிம்பு செதுக்கி, காதும் வாலும் ஒட்டி, வர்ணம் பூசுவார்கள். வண்டு அரித்து நின்றபடியே காய்ந்து வெடித்த மரம் இந்த வேலைக்கு உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். பிளக்க வேண்டிய இடத்தில் மட்டும் பிளக்கும் ஈர மரம் வேண்டும். எல்லாக் குற்றியையும் மீட்கலாம் என்பது அட்டை எழுதுபவரின் நம்பிக்கை. கடைசல்காரரின் நம்பிக்கை அல்ல.

இந்தத் தொழிலின் பொருளாதாரம் பற்றிப் பரிசுக்கடைகள் பேசுவதில்லை. வீட்டில் இருந்து செய்த குடும்பங்களுக்கும் நூரன்பேர்க் வழியாக உலகச் சந்தைக்கும் இடையில் மொத்த வியாபாரிகள் இருந்தார்கள். அறுபது அறுபதாக எண்ணி வாங்கினார்கள். விலையை அவர்களே வைத்தார்கள். பிள்ளைகளின் உழைப்பில்லாமல் ஒரு குடும்பத்துக்கும் கட்டுப்படியாகவில்லை. எங்கோ ஒரு வீட்டில் பிள்ளை ஒன்று விளையாடுவதற்காக இங்கே ஒரு வீட்டில் பிள்ளை ஒன்று விளையாடாமல் இருந்தது.

அந்த வறுமையின் நகைச்சுவையும் அந்தப் பொருட்களில் உண்டு. 1870ஐ அண்டி சைபனில் வில்ஹெல்ம் பியூக்ட்னர் கடைந்த பாக்குவெட்டி போன்ற கொட்டை உடைக்கும் பொம்மை அரசனின் முகத்தோடு பல்லைக் காட்டி நிற்கிறது. அரசன், பொலிஸ்காரன், சிப்பாய் என்று அதிகாரத்தில் இருந்தவர்களையெல்லாம் ஏழையின் மேசையில் வைத்துக் கொட்டை கடிக்க வைத்தார்கள். வாயால் புகைவிடும் பொம்மைகளிலோ சுரங்கத் தொழிலாளி, கூவி விற்பவன், இடையன் போன்ற சாதாரண மனிதர்கள் வருகிறார்கள். அவர்களோடு தலைப்பாகை கட்டிய துருக்கியரும் ஆரம்பத்திலிருந்தே வருகிறார். ஒரு துருக்கியரையும் கண்டிராத மலைக்கிராமம் அவரை நத்தார் அலங்காரமாக்கியது. உண்மையான துருக்கியர் தொழிற்சாலைக்கு வந்தபோது அவர் பொம்மையைப் போல் அமைதியாகப் புகைவிட வேண்டும் என்றே நாடு எதிர்பார்த்தது.

கிழக்கு ஜேர்மனி இருந்தவரை நிலைமை இன்னும் விசித்திரமானது. எஞ்சியிருந்த தனியார் பட்டறைகள் 1972இல் அரசுடைமையாக்கப்பட்டன. 1915இல் இரண்டு பெண்கள் ஆரம்பித்த, பச்சைச் சிறகில் பதினொரு வெள்ளைப் புள்ளிகள் கொண்ட தேவதைகளுக்குப் பேர்போன வென்ட் உண்ட் கியூன் பட்டறையும் அதில் அடங்கும். பொருட்களில் பெரும்பகுதி மேற்கு மார்க்குக்காக ஏற்றுமதியானது. செய்தவர்களின் அயலவர்கள் கடைக்காரரைத் தெரிந்திருந்தால்தான் ஒன்றை வாங்கலாம். சோசலிசத்தின் தேவதை முதலாளித்துவத்தின் மரத்தில் தொங்கினாள். 1990க்குப் பின் பட்டறைகள் உரியவர்களிடம் திரும்பின. கூடவே சீனாவிலிருந்து மலிவான நகல்களும் வந்தன. மலைநாட்டின் அசல் என்று உறுதி கூறும் முத்திரை அப்போது அவசியமாயிற்று.

இந்த வரலாற்றைப் படிக்கும் எம்மவர் எவருக்கும் இம்மக்கள்மீது ஒரு நெருக்கம் ஏற்படும். எனக்கும் ஏற்பட்டது. ஆனால் 2013 இலையுதிர் காலத்தில் அதே மலைப்பகுதியின் ஷ்னேபேர்க் நகரில் பழைய இராணுவ முகாம் ஒன்றில் அகதிகளைத் தங்க வைத்தபோது நடந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நத்தார் காலத்தில் சுரங்கத் தொழிலாளரின் நினைவாக விளக்கேந்தும் மரபு அந்நகரில் உண்டு. அந்த விளக்கின் பெயரைச் சூட்டித் தீவிர வலதுசாரிகள் அகதிகளுக்கு எதிரான ஊர்வலங்களை ஒழுங்கு செய்தார்கள். ஆயிரத்துக்கும் அதிகமானோர் அதில் நடந்தார்கள். எதிராகவும் மக்கள் வீதிக்கு வந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. 2016 பெப்ரவரி 18இல் சைபனிலிருந்து அதிக தூரமில்லாத கிளவுஸ்னிட்ஸ் கிராமத்தில் அகதிகளை ஏற்றி வந்த பஸ்ஸைக் கூட்டம் மறித்துக் கத்தியது. உள்ளே பிள்ளைகள் அழுதார்கள்.

இழப்பை அனுபவித்த சமூகம் இன்னொருவரின் இழப்பைப் புரிந்துகொள்ளும் என்பது நாம் விரும்பிச் சொல்லும் பொய். கைவேலை மனிதரைப் பண்படுத்தும் என்பது இன்னொரு பொய். வறுமையும் சுரங்க இருளும் பொம்மையாகி, பொம்மை அடையாளமாகி, அடையாளம் வேலியாகிவிட்டால் அந்த வேலிக்கு வெளியே நிற்பவரிடம் காட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. இதை ஜேர்மனியர்மீது மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை விரட்டியதும் தன் இழப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு சமூகத்துக்குள்ளிருந்துதான்.

5

அடுத்த உதாரணம் அகதிகளின் கையிலிருந்தே வந்தது. லம்பெடுசாத் தீவின் தச்சர் பிரான்செஸ்கோ துச்சியோ 2009 முதல் கரையொதுங்கிய அகதிப் படகுகளின் பலகைகளிலிருந்து சிலுவைகள் செய்து, உயிர்தப்பி வந்தவர்களுக்குக் கொடுத்தார். 2013 யூலையில் பாப்பரசர் அங்கே பூசை செய்தபோது படகு மரமே பீடமானது. 2015இல் பிரித்தானிய அருங்காட்சியகம் ஒரு சிலுவையைப் பெற்றுக்கொண்டது. சிலுவைகளில் படகின் நீலப் பூச்சும் உரிசலும் அப்படியே இருக்கின்றன.

அதே 2013இல் பேர்லின் குறொய்ஸ்பேர்க்கில் குகுலா என்ற பட்டறை தொடங்கியது. ஒறானியன் சதுக்கத்தில் அகதிகள் 2012 ஒக்ரோபரிலிருந்து 2014 ஏப்ரல்வரை கூடாரமடித்துப் போராடிய காலம் அது. மாலி, நைகர் நாடுகளிலிருந்து லிபியா, லம்பெடுசா வழியாக வந்த ஐந்து இளைஞர்கள் ஜேர்மன் வடிவமைப்பாளர்களோடு சேர்ந்து தளபாடங்கள் செய்தார்கள். இத்தாலிய வடிவமைப்பாளர் என்சோ மாரி 1974இல் வெளியிட்ட வரைபடங்களே அடிப்படை. சாதாரணப் பலகை, ஆணி, சுத்தியல் இருந்தால் எவரும் தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொள்ளலாம், செய்யும்போது ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்பதையும் விளங்கிக்கொள்ளலாம் என்பது மாரியின் எண்ணம். தபாற்செலவு அனுப்பியவர்களுக்கெல்லாம் வரைபடத்தை இலவசமாக அனுப்பினார். குகுலாவுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தார். பட்டறையில் செய்த சில கதிரைகளில் லம்பெடுசாவிலிருந்து கொண்டுவந்த படகுப் பலகைத் துண்டுகள் சேர்க்கப்பட்டன. அவற்றுக்குத் தூதுவர் என்று பெயர். மக்களிடம் திரட்டிய நிதி இலட்சம் யூரோவைத் தாண்டியது.

இங்கே முரண்பாடு சட்டத்தில் இருந்தது. அந்த இளைஞர்களின் பத்திரங்கள் இத்தாலியில் இருந்தபடியால் ஜேர்மனியில் அவர்கள் வேலை செய்யக் கூடாது. எனவே அவர்கள் தொழிலாளர் அல்ல, பயிற்சியாளர். அவர்கள் ஆணியடித்த கதிரை சட்டப்படி விற்பனைக்குப் போனது. அவர்கள் கூலி பெற முடியாது. மரம் எல்லையைத் தாண்டித் தூதுவரானது, மனிதர் எல்லையைத் தாண்டிக் கோப்பானார்.

இதை நாம் அறிவோம். 1987 முதல் 1991 வரை ஜேர்மனியில் அசூல் கேட்டவருக்கு ஐந்தாண்டு வேலைத் தடை இருந்தது. 1982இலிருந்து மாவட்டம் விட்டு மாவட்டம் போகக்கூட அனுமதி வேண்டும். எம்மோடு ஹைம்களில் தச்சுவேலை தெரிந்தவர்களும் இருந்தார்கள். உளி பிடித்த கைகள் பூங்காவில் இலை கூட்டின. 1993இன் அசூல் உதவிச் சட்டம் அந்தப் பொதுநல வேலைக்கு மணிக்கு 2 மார்க் என்று எழுதியே வைத்தது. 2016இல் அது 80 சென்ட் ஆகக் குறைந்தது. எங்களுக்கு எவரும் வரைபடம் கொடுக்கவில்லை.

எனவே குகுலாவை நலன்விரும்பிகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் விமர்சனத்தோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் தடையைச் சுற்றி ஒரு வழி கண்டார்கள். கிடைத்த பணத்தைப் படிப்புக்கும் பயிற்சிக்கும் செலவழித்தார்கள். கதிரையில் அமர்பவர் படகை மறக்க முடியாதபடி செய்தார்கள். என் கேள்வி வேறு. படகுத் துண்டு இல்லாத கதிரையும் அதே இளைஞர்கள் செய்ததுதான். கைத்திறனில் வேறுபாடில்லை. அப்படியிருக்க, துண்டு வைத்த கதிரையைத் தேடி ஒருவர் வரும்போது அவர் மதிப்பது செய்தவரின் கையையா, செய்தவர் கிட்டத்தட்ட இறந்ததையா? கைக்குக் கூலி கொடுப்பதைச் சட்டம் தடுத்தது. மரணத்தின் அருகாமைக்கு விலை கொடுப்பதை எதுவும் தடுக்கவில்லை.

6

இனி எங்கள் பக்கம்.

கடைதல் என்பது பழைய தமிழ்ச் சொல். தயிர் கடைவதும் மரம் கடைவதும் எமக்கு ஒரே வினை. அம்பாசமுத்திரத்தில் அரக்குப் பூசிக் கடைந்த மரச்செப்புகளை எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் வைத்து விளையாடியிருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கட்டில் கால்களும் தொட்டில் கம்பிகளும் தேரின் குமிழ்களும் கடைசல் வேலைதான். ஆனால் அந்தக் கைக்கு நாம் கொடுத்த இடம் என்ன? தச்சுத் தொழிலைச் சாதிக்குள் அடைத்தோம். கோயில் மண்டபத்தில் உபயகாரரின் பெயர் கல்லில் வெட்டப்பட்டிருக்கும். ரியூப் லைற்றில்கூட உபயம் எழுதியிருக்கும். தேரைச் செய்தவரின் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஜேர்மன் சந்தையின் அட்டையில் மரத்தின் கதை இருக்கிறது, செய்தவரின் பெயராவது இருக்கிறது. எங்கள் அட்டையில் பணம் கொடுத்தவர் மட்டும் இருக்கிறார். பண்டமாதலை விமர்சிக்கும் நாம் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இந்நாட்டில் கடைசல் மதிக்கப்படும் ஒரு தொழில். 2004இல் 53 தொழில்களுக்கு மாஸ்ரர் சான்றிதழ் கட்டாயமில்லை என்று ஆக்கியபோது கடைசலும் அதில் இருந்தது. 2020 பெப்ரவரியில் 12 தொழில்களுக்கு அது மீண்டும் கட்டாயமானபோது கடைசலும் மரப்பொம்மைத் தொழிலும் அந்தப் பன்னிரண்டில் இடம்பெற்றன. தரத்தைக் காப்பாற்ற என்றார்கள். வெளியிலிருந்து வருபவருக்குக் கதவு ஒடுங்கியது என்பதும் உண்மை. ஆனால் எம்மவரின் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு மூடப்படவில்லை. மூடியது பெற்றோர். மருத்துவம், பொறியியல், கணினி தவிர்ந்த எதையும் தோல்வியாகப் பார்க்கும் வீட்டில், நான் கடைசல் பழகப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொல்லட்டும் பார்க்கலாம். கைவேலையைப் பற்றிய எங்கள் அழகியல் பேச்செல்லாம் அந்த இடத்தில் முடிந்துவிடும்.

கடைசியாக, எமக்கு மிக நெருக்கமான மரத்துக்கு வருகிறேன். பனைக்கு மற்ற மரங்களைப் போல் ஆண்டு வளையம் இல்லை. வெளிப்புறம் கரிய வைரம், உட்புறம் மென்சோறு. கடைந்தால் நார் கிளம்பும். ஆனாலும் கூர்மையான உளியும் பொறுமையும் இருந்தால் கறுப்பும் பொன்னிறமுமாகக் கோடிட்ட அழகான கிண்ணம் வரும். வீட்டுக்கு வளையும் சிலாகையும் தந்த அந்த மரத்தைப் போர்க்காலத்தில் தறித்துக் குற்றிகளாக்கிப் பங்கர்களுக்கு மேல் அடுக்கினோம். ஷெல்லில் தலையிழந்த பனைகள் வன்னியில் நின்ற காட்சியை எல்லோரும் படங்களில் பார்த்தோம். 2009இன் கடைசி மாதங்களில் அந்தக் குற்றிகளின் கீழ்தான் மக்கள் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாளை ஒருவர் அந்தக் குற்றியொன்றிலிருந்து கிண்ணம் கடைந்து, வன்னியிலிருந்து மீட்கப்பட்டது என்ற அட்டையோடு எங்கள் விழா மண்டபங்களில் விற்க வைத்தால் வாங்குவோமா? வாங்குவோம். வரிசையில் நின்று வாங்குவோம். கண்ணாடி அலுமாரியில் வைப்போம். எமது குற்றவுணர்ச்சிக்கு அதைவிட வசதியான உருவம் கிடைக்காது. பங்கருக்குள் இருந்தவர் இன்னும் அங்கேயே, காணியும் வேலையும் இல்லாமல் இருக்கக்கூடும். காணாமற்போன தன் பிள்ளையைத் தேடி வீதியோரத்தில் இருக்கக்கூடும். அவருடைய கூரையை நாம் பரிசாகக் கொடுத்துக்கொண்டிருப்போம்.

அதற்காகப் பனையைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நினைவுப் பொருட்களுக்கு நான் எதிரியுமல்ல. அதே குற்றியை வன்னியில் இருப்பவர் தானே கடைந்து, தன் பெயரைப் போட்டு, தன் உழைப்பின் மணித்தியாலங்களைக் கணக்கிட்டு, கதையைச் சொல்வதா விடுவதா என்பதைத் தானே தீர்மானித்து விற்றால் அது வேறு விடயம். கதை இல்லாத வெறும் கிண்ணமாக அவர் அதை விற்க விரும்பினால், அதே விலைக்கு நாம் வாங்கத் தயாரா என்பதுதான் சோதனை. 1842இல் விறகு பொறுக்கியவர்களின் பக்கம் நின்று கேட்கப்பட்ட கேள்வியும் இதுதான் என்று நினைக்கிறேன். விழுந்ததன்மேல் முதல் உரிமை அது விழும்போது அதன் கீழ் இருந்தவருக்கா, அல்லது பின்னர் வந்து அதற்குக் கதை எழுதியவருக்கா?

எனது பதில் மேலே இருக்கிறது. மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள், குறிப்பாகத் தொழில் தெரிந்தவர்கள். எங்கள் சஞ்சிகைகளில் மரத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் பேனா பிடித்தவர்களே. உளி பிடித்தவர் எழுதினால் விவாதம் இதைவிட நல்ல இடத்துக்குப் போகும்.